குளியலறையைத் தாமே சீரமைப்போர் அறிய வேண்டியவை: டைல் பதிப்பும் மின்பணியும்

பக்கவாதத்திற்குப் பின் வீடு திரும்பியவர்கள், இடுப்பு எலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை பெற்றவர்கள், மூட்டுத் தேய்மானம் உள்ள முதியோர் ஆகியோருக்காகக் குளியலறையை மாற்றியமைக்குமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துவதுண்டு. வழுக்காத தரை, உறுதியான கைப்பிடிக் கம்பி, போதிய வெளிச்சம், கைக்கு எட்டும் வெந்நீர்க் குழாய் ஆகியவை கீழே விழும் வாய்ப்பைக் குறைக்கின்றன. செலவைக் குறைக்க எண்ணிப் பராமரிப்பாளர்கள் சிலர் இப்பணிகளைத் தாமே கற்றுச் செய்ய முற்படுகின்றனர். அவர்கள் எவற்றைச் செய்யலாம், எவற்றைத் தவிர்க்க வேண்டும், காயம் ஏற்பட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

முக்கியக் குறிப்புகள்

• சுவரில் டைல் பதிப்பதைத் தக்க பாதுகாப்புடன் கற்றுச் செய்யலாம்.
• குளியலறையின் மின்கம்பி அமைப்பு, கீசர் இணைப்பு, நில இணைப்பு ஆகியவற்றை அரசு உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்ய வேண்டும்.
• மின்பணி முடிந்து, சோதிக்கப்பட்ட பிறகே டைல் பதிக்க வேண்டும்.

இரு பணிகளுக்கும் என்ன வேறுபாடு?

டைல் பதிப்பதில் நேரும் பிழை கண்ணுக்குத் தெரியும். வரிசை கோணினாலும், தட்டும்போது வெற்றொலி கேட்டாலும், அந்த டைலை எடுத்துவிட்டு மீண்டும் பதிக்கலாம். மின்பணியில் நேரும் பிழை பெரும்பாலும் தெரியாது. நில இணைப்பு இல்லாத கீசரும் தண்ணீரைச் சூடாக்கும், விளக்கும் எரியும். உள்ளே மின்கசிவு ஏற்படும் நாளில், ஈரக் கையுடன் குழாயைத் தொடுபவருக்கே அப்பிழை தெரியவரும். அதன்மேல் டைலும் பதிக்கப்பட்டுவிட்டால், சுவரை உடைக்காமல் அதனைச் சரிசெய்ய இயலாது.

குளியலறையில் மின்சாரம் ஏன் கூடுதல் ஆபத்தானது?

நம் வீடுகளுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ட். உலர்ந்த தோல் மின்னோட்டத்தை ஓரளவு தடுக்கும். நனைந்த உடலில் அத்தடை ஏறக்குறைய 1,000 ஓம் அளவுக்குக் குறையக்கூடும். அந்நிலையில் உடலின் வழியே 230 மில்லி ஆம்பியர் வரை மின்சாரம் பாயலாம். 10 முதல் 20 மில்லி ஆம்பியரிலேயே கைத்தசைகள் இறுகி, பிடித்த பொருளை விட முடியாமல் போகலாம். 50 முதல் 100 மில்லி ஆம்பியர் அளவில் இதயத் துடிப்பு சீர்குலைந்து உயிரிழப்பு நேரிடலாம்.

எம்சிபி இருந்தால் போதும் எனப் பலர் எண்ணுகின்றனர். அது மின்கம்பி அளவுக்கு மீறிச் சூடாவதைத் தடுக்கும் கருவி. 16 ஆம்பியர் எம்சிபி என்பது 16,000 மில்லி ஆம்பியரைத் தாங்கும். மனித உடலில் பாயும் சிறு மின்னோட்டத்தை அது உணராது. உயிரைக் காப்பதற்கான கருவி ஆர்சிசிபி ஆகும். செல்லும் மின்னோட்டத்திற்கும் திரும்பி வரும் மின்னோட்டத்திற்கும் 30 மில்லி ஆம்பியர் வேறுபாடு ஏற்பட்டால், அது நொடியின் ஒரு சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டிக்கும். எனினும், மின்னோட்டக் கம்பியையும் நியூட்ரல் கம்பியையும் ஒருசேரத் தொடுபவரை அதனாலும் காக்க இயலாது.

பராமரிப்பாளர் கற்க வேண்டிய மின்பாதுகாப்பு

• ஆர்சிசிபியில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். இணைப்பு உடனே துண்டிக்கப்படாவிடில் மின்பணியாளரை அழைக்க வேண்டும்.
• மெயின் சுவிட்சை அணைத்தாலும் இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் சில கம்பிகளில் மின்சாரம் தொடர்ந்து இருக்கும். சுவரில் துளையிடும் முன் இரண்டையும் அணைக்க வேண்டும்.
• துளையிடும் கருவிக்கு வேண்டிய மின்சாரத்தை, அப்பகுதியுடன் தொடர்பில்லாத, ஆர்சிசிபி பாதுகாப்புள்ள வேறொரு இணைப்பிலிருந்து பெற வேண்டும்.
• சுவிட்ச் பெட்டி, விளக்கு, கீசர் ஆகியவற்றுக்கு நேர் மேலும் கீழும் பக்கவாட்டிலும் சுவருக்குள் மின்கம்பிகள் செல்லக்கூடும். அவ்விடங்களில் துளையிடுதல் கூடாது.
• வீட்டில் ஆக்சிஜன் செறிவூட்டி போன்ற கருவியைப் பயன்படுத்தும் நோயாளி இருப்பின், மாற்று ஏற்பாட்டை உறுதி செய்யாமல் மின்சாரத்தை அணைக்கக் கூடாது.
• சுவிட்சுகளும் பிளக் பாயிண்ட்டுகளும் குளிக்கும் இடத்திலிருந்து கைக்கு எட்டாத தொலைவில் அமைய வேண்டும்.

டைல் பணியில் உடலைக் காப்பது எவ்வாறு?

தூசி: டைல், சிமெண்ட், மணல் ஆகியவற்றை வெட்டும்போதும் உடைக்கும்போதும் சிலிக்கா கலந்த நுண்தூசி எழும். பல ஆண்டுகள் தொடர்ந்து சுவாசிப்போருக்கு அது சிலிக்கோசிஸ் எனும் நுரையீரல் நோயை உண்டாக்கும். சில நாள் பணியில் அந்நோய்க்கான வாய்ப்பு குறைவு. ஆயினும் ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளோருக்கு ஒரே நாளில் மூச்சுத்திணறல் அதிகரிக்கலாம். கீறி முறிக்கும் கை டைல் கட்டரில் தூசி மிகக் குறைவு. மின்கட்டரைப் பயன்படுத்த நேர்ந்தால் திறந்த வெளியில் பயன்படுத்த வேண்டும். என்95 முகக்கவசமும் கண்ணாடிக் கவசமும் அணிய வேண்டும், கைக்குட்டை போதாது. தூசியைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

சிமெண்ட்: ஈரச் சிமெண்ட் கடும் காரத்தன்மை உடையது. தோலில் பட்டவுடன் வலி தெரியாமல் இருக்கலாம். சில மணி நேரம் கழித்தே புண் வெளிப்படும். கலவையில் முழங்காலிட்டு அமர்வோருக்கும், நனைந்த காலணியுடன் நெடுநேரம் நிற்போருக்கும் ஆழமான இரசாயனத் தீப்புண் ஏற்படக்கூடும். நீரிழிவினால் பாத உணர்வு குறைந்தவர்கள் வெறுங்காலுடன் கலவையைக் கையாளவே கூடாது. ரப்பர் கையுறையும் நீர்புகாக் காலணியும் இன்றியமையாதவை.

டைல் தேர்வு: பளபளப்பான சுவர் டைலைத் தரைக்குப் பயன்படுத்தக் கூடாது. தரைக்குச் சொரசொரப்பான, வழுக்காத வகையே ஏற்றது. நோயாளி பிடித்தெழும் கைப்பிடிக் கம்பி, டைலுக்குப் பின்னுள்ள செங்கல் அல்லது கான்கிரீட்டில் ஆழமாகப் பொருத்தப்பட வேண்டும். துண்டு தொங்கவிடும் கம்பி உடல் எடையைத் தாங்காது. அதனைப் பிடிமானமாகக் கருதக் கூடாது.

யார் இப்பணியைத் தவிர்க்க வேண்டும்?

ஆஸ்துமா கட்டுக்குள் வராதவர்கள், வலிப்பு நோய் அல்லது தலைச்சுற்றல் உள்ளவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர்கள், பாத உணர்வு குறைந்த நீரிழிவு நோயாளிகள் ஆகியோர் வெட்டும் பணியையும் கலவைப் பணியையும் பிறரிடம் ஒப்படைப்பது நன்று.

முதலுதவி

மின்தாக்குதல்: பாதிக்கப்பட்டவரைத் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்சையும் இன்வெர்ட்டரையும் அணையுங்கள். அணைக்க இயலாவிடில், உலர்ந்த இடத்தில் நின்று உலர்ந்த மரக்கட்டையால் அவரை மின்பொருளிலிருந்து விலக்குங்கள். தரை ஈரமாக இருந்தால் மின்சாரம் துண்டிக்கப்படும் வரை உள்ளே நுழையாதீர்கள். 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். சுயநினைவும் இயல்பான மூச்சும் இல்லையெனில், மார்பின் நடுவில் நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்திற்கு அழுத்துங்கள்; உதவி வரும் வரை நிறுத்தாதீர்கள்.

எழுந்து நடமாடுபவரும் மருத்துவரிடம் காட்டிக்கொள்ள வேண்டும். மயக்கம், நெஞ்சுவலி, படபடப்பு, தீப்புண் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தாலோ, அவர் கர்ப்பிணியாகவோ இதய நோயாளியாகவோ இருந்தாலோ, உடனே மருத்துவமனை சென்று இ.சி.ஜி. பரிசோதனை செய்துகொள்வது அவசியம். மின்சாரத் தீப்புண் வெளியே சிறிதாகத் தோன்றினாலும் உள்ளே பெரிதாக இருக்கலாம்.

சிமெண்ட் புண்: உலர்ந்த தூளைத் தட்டி அகற்றி, நனைந்த உடையைக் களைந்து, ஓடும் நீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவுங்கள். எலுமிச்சைச் சாறு, வினிகர், பற்பசை, மாவு, மை ஆகிய எதையும் தடவ வேண்டாம். கண்ணில் பட்டால் இமையைத் திறந்துவைத்து 20 நிமிடம் கழுவியபின், வலி குறைந்திருந்தாலும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

வெட்டுக்காயம்: சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். விரல் துண்டிக்கப்பட்டால், அத்துண்டை ஈரமான சுத்தத் துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் இட்டு, அப்பையை ஐஸ் கலந்த நீரில் வைத்து உடன் கொண்டு செல்லுங்கள். துண்டு நேரடியாக ஐஸில் படக் கூடாது. ரண ஜன்னித் தடுப்பூசி தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

பணி முடிந்தபின்

நோயாளியைக் குளியலறைக்குள் அனுமதிக்கும் முன், பராமரிப்பாளர் கைப்பிடிக் கம்பியைத் தம் முழு எடையுடன் இழுத்துப் பார்க்க வேண்டும். ஈரத் தரையில் நடந்து பார்க்க வேண்டும். ஆர்சிசிபி சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். நில இணைப்பு சரியாக உள்ளதை மின்பணியாளர் கருவி கொண்டு அளந்து உறுதி செய்திருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும், அதனைச் சரிசெய்யும் வரை அக்குளியலறையைப் பயன்படுத்துதல் கூடாது.