குழிக்கணக்கு

குழிக்கணக்கு என்பது, தோண்டப்பட்ட பள்ளத்தின் நீள அகலங்களையும் ஆழத்தையும் அளந்து, அதிலிருந்து வெளியேறிய மண்ணின் கனபரிமாணத்தைக் காணும் க்ஷேத்திர கணிதப் பகுதியாகும். ஏரி, கிணறு, வாய்க்கால், கோட்டை அகழி என மண்வெட்டு வேலை எங்கெங்கு நிகழ்ந்ததோ அங்கெல்லாம், கூலி கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே நியாயம் வழங்கி வந்தது இக்கணக்கே. தமிழ்நாட்டில் இதன் பிரயோகத்தை மிகப் பெரிய அளவிற் காணத்தக்க இடம் கடலூர் மாவட்டத்து நெய்வேலியிலுள்ள பழுப்பு நிலக்கரிச் சுரங்கமாகும்.

சுவர்கள் செங்குத்தாக நிற்குமாயின் கணக்கில் சிரமம் ஏதுமில்லை. நீளத்தை அகலத்தாலும் ஆழத்தாலும் பெருக்கினால் போதும். ஆனால் மண் சரிந்துவிடும் இயல்புடையதாதலால், ஆழமான பள்ளம் எதுவும் மேலே அகன்றும் கீழே குறுகியும் சாய்ந்த கரைகளோடுதான் வெட்டப்படும். புதிர் தோன்றுவது அங்கேதான். மேல்வாய் 100 மீட்டர் சதுரம், அடித்தளம் 40 மீட்டர் சதுரம், ஆழம் 30 மீட்டர் உள்ள ஒரு குழியை எடுத்துக்கொள்வோம். மேற்பரப்பு 10,000, கீழ்ப்பரப்பு 1,600 சதுர மீட்டர். இவற்றின் சராசரியை ஆழத்தால் பெருக்கினால் 1,74,000 கன மீட்டர் வருகிறது. அவ்வாறன்றி, பக்கங்களின் சராசரியாகிய 70 மீட்டரைக் கொண்டு நடுமட்டத்துப் பரப்பைக் கண்டு, அதனை ஆழத்தால் பெருக்கினால் 1,47,000 தான் வருகிறது. இரண்டும் பார்வைக்கு நியாயமான வழிகளே. எனினும் இரண்டிற்கும் இடையே 27,000 கன மீட்டர் வித்தியாசம் இருக்கிறது.

இப்புதிரை நம் நாட்டில் தெளிவாக விடுவித்தவர் பிரமகுப்தர். 628ஆம் ஆண்டில் அவர் இயற்றிய பிராஹ்மஸ்புட சித்தாந்தம், மேற்கூறிய இரு விடைகளையும் முதலில் காணச் சொல்லி, அவற்றின் வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சிறிய விடையோடு கூட்டினால் சூட்சுமமான விடை கிடைக்கும் என்று விதிக்கிறது. நம் குழிக்கு 27,000இல் மூன்றிலொரு பங்கு 9,000. ஆகவே சரியான கன அளவு 1,56,000 கன மீட்டர். சூத்திரத்தைக் கூறிய ஆசிரியர் காரணத்தைக் கூறாது விட்டார். ஆயினும் அதனைக் கண்டறிவது அரிதன்று. குழியை மனத்தால் பகுத்துப் பார்த்தால், நடுவில் அடித்தளத்தின்மேல் நேராக நிற்கும் ஒரு கட்டமும், நான்கு புறமும் ஆப்பு வடிவில் நான்கு துண்டுகளும், நான்கு மூலைகளிலும் கூம்பிச் செல்லும் நான்கு துண்டுகளும் கிடைக்கும். நடுக்கட்டத்திலும் ஆப்புகளிலும் இரு வழிகளும் ஒரே விடையையே தருகின்றன; பிழை முழுவதும் மூலைகளில் மட்டுமே ஒளிந்திருக்கிறது. மூலைத்துண்டின் அடிப்பரப்பை உயரத்தால் பெருக்கி வருவதில் பாதியை முதல் வழி கணக்கில் சேர்க்கிறது. கால் பங்கை இரண்டாம் வழி சேர்க்கிறது. உண்மையோ மூன்றிலொரு பங்கு. காலுக்கும் அரைக்கும் உள்ள இடைவெளியில் மூன்றிலொரு பங்கைக் காலோடு கூட்ட, மூன்றிலொரு பங்கே வருதலைக் காண்க. இத்துணை எளிய திருத்தத்தால் இத்துணைத் துல்லியம் எய்திய சூத்திரங்கள் கணித சாஸ்திரத்தில் சிலவே.

பிற நாட்டாரும் இதனை அறியாதவரல்லர். ஏறத்தாழ கி.மு. 1850ஐச் சார்ந்ததாகக் கருதப்படும் எகிப்திய மாஸ்கோ பாப்பிரஸ், தலை வெட்டுண்ட பிரமிடின் கன அளவைப் பிழையின்றிக் காண்கிறது. சீனத்தின் பழங்கணித நூலாகிய 'ஒன்பது அத்தியாயங்க'ளில் ஓர் அத்தியாயம் மண்வேலைக் கணக்குகளுக்கென்றே அமைந்தது. கன்னட நாட்டில் ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த மகாவீரர் தம் கணித சார சங்கிரகத்திலும் குழிகளுக்கு இடமளித்தார். அந்நூலைச் சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மு. ரங்காசாரியார் ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பிக்க, 1912இல் சென்னை அரசாங்கம் வெளியிட்டது. இரண்டாம் பாஸ்கரர் 1150இல் இயற்றிய லீலாவதி, மேற்பரப்பு, கீழ்ப்பரப்பு, இரண்டின் பக்கங்களையும் கூட்டி வரும் பரப்பு ஆகிய மூன்றையும் சேர்த்து ஆறால் வகுத்து ஆழத்தால் பெருக்கச் சொல்கிறது. நம் குழிக்கு அம்மூன்றும் 10,000, 1,600, 19,600. விடை மீண்டும் 1,56,000. இன்றைய பொறியாளர் கையாளும் பட்டகப்போலிச் சூத்திரம் இதுவே.

இனி, இக்கணக்கு மிகப் பெரிய அளவிற் பயன்படும் நெய்வேலிக்கு வருவோம். அங்கே கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்டதை 1930களில் அரசினரின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் ஜம்புலிங்க முதலியார். 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரிக் கழகம் நிறுவப்பெற்று, 1957 மே 20ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். கரிப்படலம் கண்ணிற் பட்டது 1961 ஆகஸ்டில்தான். இடைப்பட்ட நான்கு ஆண்டுகளும் பெரும்பாலும் மேல்மண்ணை நீக்குவதிலேயே கழிந்தன. இங்கே ஒரு டன் கரிக்கு ஐந்து கன மீட்டருக்கு மேற்பட்ட மண்ணை அகற்ற வேண்டியிருப்பதால், கரியின் அடக்கவிலையை நிர்ணயிப்பதில் மண் கணக்குக்குப் பெரும் பங்கு உண்டு. வெட்டிய மண் தளர்ந்து பெருகுவதால், கன்வேயர் பெல்ட்டின்மேற் செல்லும் மண்ணின் பருமனை அப்படியே வெட்டின் அளவாகக் கொள்ளலாகாது; பள்ளத்தையே அளத்தல் வேண்டும். ஆகையால் சர்வேயர்கள் சுரங்கத்துக்குக் குறுக்கே சம தூரங்களில் வெட்டுமுகங்களை அளந்து, ஒவ்வொன்றின் பரப்பையும் கண்டு, அடுத்தடுத்த முகங்களுக்கு இடைப்பட்ட கன அளவுகளைக் கூட்டுகின்றனர். நீண்டு ஒரே சீராகச் செல்லும் வெட்டில் பரப்புகளின் சராசரியே போதுமானது. கரைகள் வளைந்து ஒடுங்கும் முனைகளிலும் சரிவுப் பாதைகளிலும் மூலைப்பிழை மீண்டும் தலைகாட்டும், அங்கே நடுமுகத்தையும் அளந்து திருத்த வேண்டும். சங்கிலியும் தியோடலைட்டும் செய்த வேலையை இந்நாளில் டோட்டல் ஸ்டேஷனும் ஆளில்லா வானூர்தியும் செய்கின்றன. கருவிகள் மாறினவேயன்றி, வடிவத்தைச் சிறு துண்டுகளாக்கிக் கூட்டும் முறை மாறவில்லை.

அகற்றிய மண் குவியலாகும்போது அதே குழி தலைகீழாக நிற்கிறது. குவியலின் உச்சியை நேரே அளக்க இயலாமைக்கும் லீலாவதியில் பரிகாரம் உண்டு: பருந்தானியக் குவியலின் உயரம் அதன் சுற்றளவில் பத்திலொன்று, நுண்தானியத்துக்குப் பதினொன்றிலொன்று, கூர்வாலுடைய தானியத்துக்கு ஒன்பதிலொன்று என்று அது கூறுகிறது. இவ்விகிதங்கள் ஏறத்தாழ 32, 30, 35 பாகைச் சரிவுகளுக்கு ஒப்பாகும். ஒவ்வொரு பொருளும் தனக்கென ஒரு சரிவில் அமைதியுறும் என்னும் இக்கால மண்ணியல் உண்மை, களத்துமேட்டுக் கணக்கில் அன்றே உபயோகிக்கப்பட்டிருத்தல் பெருமைக்குரியது.

நமது பொறியியற் பாடநூல்கள் குழியின் கன அளவைக் காணும் சூத்திரத்தை ஆசிரியர் பெயரின்றியே கற்பித்து வருகின்றன. இனி வெளிவரும் பதிப்புகளிலேனும் பிரமகுப்தரின் பெயரையும் மூலைத்துண்டு விளக்கத்தையும் சேர்த்தல் வேண்டும். நெய்வேலி நகரியத்துப் பள்ளி ஆசிரியர்கள் அதற்குக் காத்திராமல், மாணவரைக் கொண்டு ஒரு சிறு குழியை அளப்பித்து இப்பாடத்தை இன்றே தொடங்கலாம்.