நூலில் எழுதிய வெயில் கணக்கு

கணக்கு எழுதாமல் நம் குழுக் கூட்டம் எதுவும் முடிவதில்லை. வருகைப் பதிவேடு, தீர்மானப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு என்று எத்தனை நோட்டு! அதனால்தான் இந்த மலருக்குக் கட்டுரை கேட்டபோது, பேனாவைத் தொடாமல் உல்லன் நூலாலேயே கணக்கு எழுதிய பெண்களைப் பற்றிச் சொல்லலாம் என்று தோன்றியது.

அவர்கள் எழுதியது வெயில் கணக்கு. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் குளிருக்குப் போர்த்திக்கொள்ளக் கம்பளி பின்னுவது வீட்டு வழக்கம். அதையே சிலர் இப்படி மாற்றினார்கள். வருடம் பிறப்பதற்கு முன்பே, இத்தனை டிகிரிக்கு இந்த நிறம் என்று ஒரு அட்டையில் எழுதிவைத்துக்கொள்வார்கள். கடுங்குளிருக்கு நீலம், இதமான நாளுக்குப் பச்சை, மஞ்சள், சூட்டுக்கு ஆரஞ்சு, சிவப்பு. ஜனவரி 1-ஆம் தேதி தொடங்கி, அன்றன்றைக்கு அடித்த அதிகபட்ச வெயிலைப் பார்த்து, அதற்குரிய நிறத்தில் ஒரே ஒரு வரிசை. டிசம்பர் 31-க்குள் 365 வரிசை. ஊரின் ஒரு வருட வெயில் அப்படியே போர்வையாகிவிடும்.

கேட்க லேசாக இருக்கும். குரோஷா போட்டுப் பழகிய அக்காமாருக்குத்தான் கஷ்டம் தெரியும். நிறம் மாற்றுகிற இடத்தில் எல்லாம் இரண்டு நுனி தொங்கும். அத்தனையையும் ஊசியில் கோத்து உள்ளே மறைக்கணும். நாலு நாள் விட்டுவிட்டால் அவ்வளவுதான், சேமிப்புப் பாக்கி ஏறின மாதிரி மலையாகச் சேர்ந்துவிடும்.

விஞ்ஞானம் படித்த பெண்களும் ஊசியை எடுத்தார்கள். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் கடல் ஆராய்ச்சி செய்துவந்த ஜோன் ஷெல்டன், 1600-களிலிருந்து பூமியின் வெப்பம் மாறிய கதையை, வருடத்துக்கு ஒரு வரிசையாக, 2015-இல் ஒரு கழுத்துத் துண்டில் கொண்டுவந்தார். இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் பருவநிலைப் பேராசிரியராக இருந்த எல்லி ஹைவுட் 2017 ஜூனில் ஒரு குரோஷா போர்வையை முடித்தார். 2016 வரையிலான நூறு வருட உலக வெப்பம் அதில் இருந்தது. 0.1 டிகிரி செல்சியஸ் மாறினாலே வேறு நிறம். ஒரு பக்கம் நீலமாகத் தொடங்கி, மறு பக்கம் போகப் போகச் சிவந்துகொண்டே வரும்.

அதே பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கும் எட் ஹாக்கின்ஸ் என்ற விஞ்ஞானி, 2018 மே மாதம் ஒரு படம் வெளியிட்டார். எண் இல்லை, எழுத்து இல்லை. வருடத்துக்கு ஒரு பட்டையாக நீலத்திலிருந்து சிவப்புக்குப் போகும் கோடுகள் மட்டும். அடுத்த மாதமே டி.வி.யில் வானிலை சொல்கிறவர்கள் அதைக் கழுத்துப் பட்டையில் போட்டுக்கொண்டு வந்தார்கள். ரெடிங் கால்பந்து அணியின் சட்டைக் கையிலும் பிறகு அது ஏறியது. உலகம் முழுக்கத் தெரிந்த படம் அது. எல்லி ஹைவுட்டின் போர்வைதான் தனக்கு யோசனை கொடுத்தது என்று ஹாக்கின்ஸ் மறைக்காமல் சொல்லியிருக்கிறார், அது அவருடைய பெருந்தன்மை. ஆனாலும் கோடுகளைத் தெரிந்தவர்களில் எத்தனை பேருக்குப் போர்வையைத் தெரியும்? கைவேலை என்றாலே பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிற புத்தி எல்லா ஊரிலும் இருக்குதுங்க.

இன்னொரு கதை இதைவிட எனக்கு முக்கியம். அமெரிக்காவில் 2016 தேர்தலுக்குப் பிறகு, வரப்போகும் அரசு வெப்பக் கணக்குகளை அழித்துவிடுமோ என்று விஞ்ஞானிகளுக்கே பயம் வந்தது. அவசர அவசரமாகப் பிரதி எடுத்து வைத்தார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் அனகோர்டெஸ் என்ற சிற்றூரில் சில நண்பர்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, பழைய காலம் மாதிரி துணியிலேயே கணக்கைப் பதித்துவிட்டால் யார் அழிக்க முடியும் என்று விளையாட்டாகச் சொன்னார்கள். விளையாட்டுப் பேச்சு 2017-இல் நிஜமாகிவிட்டது. அதற்கு 'டெம்பெஸ்ட்ரி' என்று பெயர் வைத்தார்கள்.

இவர்கள் செய்த புத்திசாலித்தனமான காரியம், எல்லோருக்கும் ஒரே நிற அட்டை கொடுத்ததுதான். ஐந்து டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு ஒரு நிறம். ஆளுக்கொரு நிறம் எடுத்துப் பின்னினால் போர்வை அழகாக இருக்கும், ஆனால் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடியாது. எல்லாக் குழுவும் ஒரே மாதிரி பேரேடு எழுதினால்தானே கூட்டமைப்பில் வைத்துச் சரிபார்க்க முடிகிறது? அதே கதைதான். ஒரே ஊரின் பழைய வருடத்தையும் புது வருடத்தையும் பின்னிப் பக்கத்தில் தொங்கவிட்டால், பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் வித்தியாசம் புரியும்.

அனகோர்டெஸுக்குத் தெற்கே, அதே மாநிலத்தில் இருக்கிறது சியாட்டில் நகரம். நம்ம பேப்பரில் 'வெயில் சதம் அடித்தது' என்று போடுவார்களே, அந்த நூறு டிகிரியை சியாட்டில் நூற்றிருபது வருடத்துக்கு மேலான பதிவில் மூன்றே நாள்தான் பார்த்திருந்தது. 2021 ஜூன் 26-இல் 102, 27-இல் 104, 28-இல் 108. அடுத்தடுத்து மூன்று நாள் சதம். நமக்கு 108 பழகிய வெயில்தான். அங்கே வீடுகள் குளிரைத் தடுக்கக் கட்டியவை. பல வீட்டில் ஏ.சி. கிடையாது. பக்கத்து நாடான கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் மட்டும் அந்த வெயிலுக்கு 619 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் வயதானவர்கள், பாதிக்கு மேல் தனியாக இருந்தவர்கள். அநேகமாக எல்லோரும் வீட்டுக்குள்ளேயே இறந்தார்கள்.

சியாட்டிலில் வழக்கமாக அடிக்கிற வெயிலை வைத்து ஜனவரியில் நிறம் எடுத்து வைத்தவளிடம் ஜூன் 28-க்கு நூல் இருந்திருக்காது. கடைக்குப் போய்ப் புது நிறம் வாங்கித்தான் அந்த வரிசையை முடித்திருக்க வேண்டும். மூன்று நாளும் சேர்த்துப் போர்வையில் மூன்றே வரிசை. ஒரு விரல் அகலம்கூட வராது.