மஸ்ட், மே, கேன்: வினையடை எங்கே நிற்க வேண்டும்?

வேலை ஒப்பந்தம், வாடகை உடன்படிக்கை, எஸ்பிஎம் 1119 ஆங்கிலத் தாள், நேர்முகத் தேர்வு. கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நம்மவர்கள் ஆங்கிலத்தைக் கூர்ந்து படிக்கவோ எழுதவோ வேண்டிய இடங்கள் இவை. இங்கெல்லாம் பொருளை மாற்றிவிடக் கூடியவை பெரும்பாலும் இரண்டு சிறு சொற்கள்தான். ஒன்று துணைவினை, மற்றொன்று அதன் பக்கத்தில் நிற்கும் வினையடை.

கேன், குட், மே, மைட், மஸ்ட், ஷால், ஷுட், வில், வுட் ஆகிய ஒன்பதும் ஆங்கிலத்தின் முதன்மையான துணைவினைகள். முடியும், செய்யலாம், வேண்டும், கூடும் என்று தமிழில் நாம் சொல்வதை இவை சொல்கின்றன. ஆல்வேஸ், நெவர், ஆல்சோ, ஒன்லி, புரோபப்லி, ஸ்டில் போன்றவை வினையடைகள்.

அடிப்படை விதி

துணைவினைக்கும் முதன்மை வினைக்கும் நடுவில் வினையடை நிற்கும். 'யூ மஸ்ட் ஆல்வேஸ் வேர் எ ஹெல்மெட்' என்பது சரி. 'யூ ஆல்வேஸ் மஸ்ட் வேர்' என்பது தனி அழுத்தம் கொடுக்கும்போது மட்டும் வரும். பேச்சில் அடிக்கடி கேட்கும் 'ஆல்சோ கேன்' என்பதைத் தேர்விலும் கடிதத்திலும் 'கேன் ஆல்சோ' என்றே எழுத வேண்டும்.

தமிழ் பேசுவோருக்கு இது ஏன் குழப்புகிறது? தமிழில் துணைவினை வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. வினையடை வினைக்கு முன்னால் வந்துவிடுகிறது. 'எப்போதும் அணிய வேண்டும்' என்கிறோம். ஆனால் நடுவில் சொல்லை நுழைக்கும் பழக்கம் தமிழுக்குப் புதிதல்ல. 'வரவும் வேண்டும்', 'வரத்தான் வேண்டும்', 'வரவே கூடாது' என்னும்போது உம், தான், ஏ ஆகியவை வினைக்கும் துணைவினைக்கும் இடையில்தான் நிற்கின்றன. 'வரவும் வேண்டும்' என்பது ஆங்கிலத்தில் 'மஸ்ட் ஆல்சோ கம்'. 'வரவே கூடாது' என்பது 'மஸ்ட் நெவர் கம்'. இந்த ஒப்புமையைப் பிடித்துக்கொண்டால் மாணவர்களுக்கு விதி எளிதில் மனதில் நிற்கும்.

மலாய் வழி வரும் பிழை

'முங்கின் அக்கான் டாத்தாங்' என்பதை அப்படியே மாற்றி 'ஹீ மேபி வில் கம்' என்று எழுதுவோர் உண்டு. சரியான வடிவம் 'ஹீ வில் புரோபப்லி கம்' அல்லது 'மேபி ஹீ வில் கம்'. முதலாவது 'அநேகமாக வருவார்' என்று நம்பிக்கை கூடியது; இரண்டாவது 'வந்தாலும் வரலாம்' என்பதுதான்.

ஒரே சொல்லாக எழுதும் மேபி வினையடை. இடைவெளி விட்டு எழுதும் மே பி, துணைவினையும் 'இருத்தல்' வினையும் சேர்ந்தது. 'தி டிரெய்ன் மே பி லேட்' என்பதில் இடைவெளி கட்டாயம். எழுதும்போது அந்த இடத்தில் 'மைட் பி' என்று மாற்றிப் பாருங்கள். பொருந்தினால் இரண்டு சொற்களாகப் பிரித்து எழுதலாம்.

மறுப்பு வந்தால்

'வில்' மறுப்பாகி 'வோன்ட்' ஆனால் புரோபப்லி முன்னால் போய்விடும்: 'ஹீ புரோபப்லி வோன்ட் கம்'. ஸ்டில் என்பதும் அப்படியே: 'ஐ ஸ்டில் கான்ட் ஃபைண்ட் இட்'.

ரியலி என்ற சொல்லோ இடம் மாறினால் பொருளே மாறும். 'ஐ ரியலி கான்ட் கம்' என்றால் 'என்னால் வரவே முடியாது'. 'ஐ கான்ட் ரியலி சே' என்றால் 'உறுதியாகச் சொல்ல முடியவில்லை'. வேலை வழங்குநருக்குப் பதில் எழுதும்போது இந்த வேறுபாடு முக்கியம்.

ஹார்ட்லி என்ற சொல்லுக்குள் மறுப்பு ஏற்கெனவே இருக்கிறது. 'ஷீ கேன் ஹார்ட்லி வாக்' என்றால் 'அவரால் நடக்கவே முடியவில்லை என்னும் அளவுக்குச் சிரமம்'. இதில் நாட் சேர்க்கக் கூடாது. கிளினிக்கில் நோயாளியின் நிலையைச் சொல்லும்போது இந்தச் சொல்லை 'ஹார்ட்' என்று சுருக்கினால் சொல்ல வந்தது போய்விடும்.

எப்படிச் செய்வது என்று காட்டும் ஸ்லோலி, கேர்ஃபுலி போன்றவை பெரும்பாலும் பின்னால் வரும்: 'யூ மஸ்ட் டிரைவ் ஸ்லோலி'.

ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியவை

சட்ட ஆங்கிலத்தில் ஷால் என்பது கடமையையும், மே என்பது உரிமையையும் அனுமதியையும் பொதுவாகக் குறிக்கும். தேசிய மொழியைப் பற்றிய கூட்டரசு அரசியலமைப்பின் 152ஆம் பிரிவின் ஆங்கில வடிவத்திலும் ஷால்தான் வருகிறது. அங்கே அது எதிர்காலத்தைச் சொல்லவில்லை, சட்டத்தை நிலைநாட்டுகிறது.

1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. முதலாளியோ தொழிலாளியோ 'மே அட் எனி டைம் கிவ்' என்று அது சொல்கிறது. துணைவினைக்கும் 'கிவ்' என்ற வினைக்கும் நடுவில் 'எந்த நேரத்திலும்' என்ற தொடர் நிற்கிறது. எந்த நேரத்திலும் கொடுக்கக் கூடியது நோட்டீஸ்தான். எந்த நேரத்திலும் உடனே வேலையை விட்டு அனுப்பலாம் என்று இதற்குப் பொருளில்லை.

ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலம் எழுதப்படவில்லை என்றால் 'ஷால் நாட் பி லெஸ் தேன்' என்று அதே பிரிவு குறைந்தபட்ச அளவை வைக்கிறது. ஈராண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 4 வாரம், ஈராண்டு முதல் ஐந்தாண்டுக்குள் 6 வாரம், ஐந்தாண்டும் அதற்கு மேலும் 8 வாரம். நோட்டீஸ் இல்லாமல் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள 13ஆம் பிரிவு வழி விடுகிறது. ஆனால் அந்தக் காலத்துக்கான சம்பளத்துக்கு ஈடான தொகையைக் கொடுக்க வேண்டும். இந்த விதி இரு தரப்புக்கும் பொருந்தும்.

ஒன்லி என்ற சொல்லையும் தவற விடக் கூடாது. 'தி டெபாசிட் மே பி ரிஃபண்டட்' என்றால் முன்பணம் திரும்பக் கிடைக்கலாம் என்பதுதான். கட்டாயம் கிடைக்கும் என்று இல்லை. 'மே ஒன்லி பி ரிஃபண்டட் இஃப்' என்று வந்தால், அதன் பின் வரும் நிபந்தனை நிறைவேறினால் மட்டுமே கிடைக்கும். 'ஷால் பி ரிஃபண்டட்' என்றிருந்தால்தான் திருப்பித் தருவது கடமை. வீட்டு வாடகை உடன்படிக்கையில் கையெழுத்திடும் முன் இந்த ஒரு வரியைத் தேடிப் படிப்பது நல்லது.

சுருக்கமாக

துணைவினையை அடிக்கோடிடுங்கள். அதற்கும் வினைக்கும் நடுவில் என்ன சொல் நிற்கிறது என்று பாருங்கள். மறுப்பு இருந்தால் வினையடை அதற்கு முன்னாலா பின்னாலா என்று கவனியுங்கள். பிறகு வாக்கியம் முழுவதையும் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். 'வேண்டும்' வருகிறதா, 'லாம்' வருகிறதா என்பது அப்போது தெளிவாகும். வேலைக் கடிதத்தில் ஐயம் இருந்தால் கையெழுத்திடும் முன் தொழிலாளர் இலாகாவிலோ தொழிற்சங்கத்திலோ காட்டிக் கேளுங்கள்.