பயாஸ் இற்றைப்படுத்தல்

பயாஸ் இற்றைப்படுத்தல் என்பது கணினியின் தாய்ப்பலகையில் உள்ள நிலைபொருளின் மீது அதன் புதிய பதிப்பை எழுதுவதாகும். இந்நிலைபொருள் ஃபிளாஷ் நினைவகச் சில்லு ஒன்றில் சேமிக்கப்பட்டுள்ளது. தற்காலக் கணினிகளில் பயாசின் இடத்தை யூஇஎஃப்ஐ பெற்றுள்ளபோதிலும் பழைய பெயரே வழக்கில் உள்ளது.

இடர்கள்

எழுதும்போது மின்சாரம் தடைப்பட்டாலோ, வேறு மாதிரித் தாய்ப்பலகைக்குரிய கோப்பைப் பயன்படுத்தினாலோ கணினி தொடங்காமல் போகலாம். செயலி ஓவர்கிளாக்கிங் செய்யப்பட்டிருப்பின், முதலில் இயல்பு அமைப்புகளுக்குத் திரும்புதல் வேண்டும். நிலையற்ற செயலி தவறான தரவை எழுதக்கூடும்.

ஓவர்கிளாக்கிங்

செயலியின் வேகம், அடிப்படைக் கடிகார வேகத்தைப் பெருக்கியால் பெருக்கக் கிடைப்பதாகும். எடுத்துக்காட்டாக, 100 மெகாஹெர்ட்சு × 36 = 3.6 கிகாஹெர்ட்சு. இவற்றுள் ஒன்றை உயர்த்துவதே ஓவர்கிளாக்கிங். இதனால் வெப்பமும், பெரும்பாலும் மின்னழுத்தத் தேவையும் கூடுகின்றன.

மீட்பு

தவறான அமைப்புகளால் கணினி தொடங்காவிடின், மின்னிணைப்பைத் துண்டித்து, சிமோசு மின்கலத்தைச் சில நிமிடங்கள் அகற்றி வைக்கலாம், அல்லது அதற்கான ஜம்பரைப் பயன்படுத்தலாம். இது அமைப்புகளை மட்டுமே அழிக்கும். பழுதடைந்த நிலைபொருளைச் சரிசெய்யாது. அதற்கு இரண்டாம் பயாஸ் சில்லு, யூஎஸ்பி வழி மீட்பு வசதி அல்லது வெளிப்புற நிரலெழுதி தேவை.

இன்டெல் நிகழ்வு

2024இல் இன்டெல்லின் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள் சில, மிகை மின்னழுத்தத்தால் நிலையற்றுப் போயின. அவ்வாண்டு ஆகத்தில் வெளிவந்த நுண்குறிமுறை, பயாஸ் வழியாக, 1.55 வோல்ட்டுக்கு மேற்பட்ட கோரிக்கைகளைக் கட்டுப்படுத்தியது. ஆயினும் ஏற்கனவே சேதமுற்ற செயலியை எந்த இற்றைப்படுத்தலாலும் மீட்க இயலாது. இதனால் இன்டெல் உத்தரவாதக் காலத்தை 2 ஆண்டுகள் நீட்டித்தது.