23அண்ட்மீ

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2006இல் ஆன் வொஜ்சிக்கி, லிண்டா ஏவி, பால் குசென்சா ஆகியோர் தொடங்கிய மரபணுச் சோதனை நிறுவனம். மனித உயிரணுவிலுள்ள 23 இணைக் குரோமோசோம்களைக் குறிப்பது அதன் பெயர். வாடிக்கையாளர் உமிழ்நீரைக் குழாயில் சேகரித்து அஞ்சலில் அனுப்பினால், வம்சாவளியும் சில நோய்களுக்கான வாய்ப்பும் அறிக்கையாக வரும்.

வாடிக்கையாளர்களில் சுமார் 80 விழுக்காட்டினர் தங்கள் தரவை ஆய்வுக்குப் பயன்படுத்த இசைந்தனர். பார்க்கின்சன் நோய் போன்றவற்றின் மரபணுக் காரணிகளைத் தேட இப்பெருந்திரள் உதவியது. மருத்துவமனைகள் தனித்தனியே திரட்ட முடியாத அளவு அது. மருந்து ஆய்வுக் கூட்டுக்காக ஜிஎஸ்கே மருந்து நிறுவனம் 2018இல் 30 கோடி டாலர் முதலிட்டது.

இப்படித் தரவை ஓரிடத்தில் குவிப்பதன் அபாயம் 2023இல் வெளிப்பட்டது. வேறு தளங்களிலிருந்து கசிந்த கடவுச்சொற்களைக் கொண்டு ஊடுருவியோர் நேரடியாக நுழைந்தவை சுமார் 14,000 கணக்குகளே. ஆனால் உறவினரைக் கண்டறியும் வசதி வழியாக ஏறத்தாழ 69 லட்சம் பேரின் விவரங்கள் களவாடப்பட்டன. அஷ்கெனாசி யூதர், சீன வம்சாவளியினர் எனப் பட்டியலிட்டு அவற்றை விற்க முயன்றது மிகவும் கொடியது. ஒருவரின் மரபணு அவருடைய உடன்பிறந்தோரையும் பிள்ளைகளையும் காட்டிக்கொடுக்கும். அவர்களிடமோ யாரும் இசைவு கேட்பதில்லை.

மரபணுத் தகவலைக் காட்டி வேலையிலும் மருத்துவக் காப்பீட்டிலும் பாகுபடுத்துவதை 2008ஆம் ஆண்டின் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. ஆயுள் காப்பீட்டுக்கு அது பொருந்தாதது பெருங்குறை. இந்நிலையில், 2025 மார்ச்சில் 23அண்ட்மீ திவால் பாதுகாப்பு கோரியது. வொஜ்சிக்கி தலைமையிலான இலாப நோக்கற்ற அமைப்பு ஜூலையில் 30.5 கோடி டாலருக்கு அதை வாங்கியது.