புலனாய்வுத்துறையைக் கேள்வி கேட்பது யார்?

2019 ஏப்ரல் 4 இல் இந்தியாவின் எச்சரிக்கை அரச புலனாய்வுச் சேவைக்குக் கிடைத்தது. 17 நாட்களின் பின் உயிர்த்த ஞாயிறு குண்டுகள் வெடித்தன. அதன் பிறகே பாராளுமன்றம் தெரிவுக்குழு அமைத்தது. அச்சேவையின் பணிப்பாளரே பெரும் பொறுப்பாளி என ஒக்டோபரில் அது அறிக்கையிட்டது.

திருகோணமலையின் அனுபவம் இதைவிடப் பழையது. 2008-2009 இல் கொழும்புப் பகுதியில் கடத்தப்பட்ட 11 பேர், இங்குள்ள கடற்படைத் தளத்தின் 'கன்சைட்' நிலத்தடி அறைகளில் அடைக்கப்பட்டிருந்ததாகக் குற்றப்புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றில் கூறியது. சந்தேகநபர்களில் கடற்படைப் புலனாய்வு அதிகாரியும் ஒருவர். 2015 நவம்பரில் ஐ.நா. செயற்குழு அவ்வறைகளைப் பார்வையிட்டது.

தேசிய பாதுகாப்பு எனக் காரணம் காட்டித் தகவலை மறுக்க 2016 தகவல் அறியும் உரிமைச் சட்டமே இடமளிக்கிறது. உறவுகளைத் தேடுவோர் கேட்க முடியாததைக் கேட்கவேண்டியவர்கள், அவர்கள் வாக்களித்து அனுப்பிய உறுப்பினர்களே. அடுத்த அழிவுக்குப் பின்னரல்ல, அதற்கு முன்னரே.