மானும் மரக்கன்றும் வேலியும்

காட்டின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மரங்களைப் பற்றியே எழுதுகின்றனர்; மரத்தைச் சூழ இட்ட வேலியைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. தென் இங்கிலாந்தின் ஹம்ப்ஷயரிலுள்ள நியூ பொரஸ்டின் கதையோ பெரிதும் வேலியின் கதையேயாகும்.

1079ஆம் ஆண்டளவில் நோர்மன் அரசன் வில்லியம் இந்நிலத்தைத் தன் வேட்டைக்காடாக ஒதுக்கிக்கொண்டான். அன்றுதொட்டு அங்கே மானுக்கே முதலிடம். குடியானவனுக்கு அதன் பின்னரே இடம். மானைக் கொன்றவனின் கண்களைப் பறித்த காலம் அது. மானிறைச்சிக்காக எவனும் உயிரையோ உறுப்பையோ இழத்தலாகாது என்று 1217ஆம் ஆண்டின் வனப் பட்டயம் விதித்தது. ஆயினும் தண்டப்பணம் இறுக்க வகையற்ற ஏழைக்கு ஓராண்டும் ஒரு நாளும் சிறை காத்திருந்தது. மான் கன்றீனும் கோடை மாதத்திலும், நவம்பர்ப் பிற்பகுதி முதல் மே தொடக்கம் வரையிலும் குடியானவரின் மாடுகள் காட்டினுட் புகலாகாது. மாரியிற் கிடைக்கும் சொற்பப் புல்லும் அரசனின் மானுக்கே உரியது!

பின்னர் அரசுக்கு மானிலும் மரம் பெரிதாயிற்று. கடற்படைக்கு ஓக் மரம் வேண்டும். ஆனால், தலைக்குருத்தை மான் கடித்துவிட்டால் கன்று நேராக உயராது. பக்கக் கிளைவிட்டுப் புதராகிவிடும். மாரியிலே இளமரத்தின் பட்டையையும் அது உரித்துத் தின்னும். எனவே 1698ஆம் ஆண்டுச் சட்டம் 2,000 ஏக்கரை உடனடியாகவும், அதன்மேல் ஆண்டுக்கு 200 ஏக்கராக இருபதாண்டுகளுக்கும் அடைத்து மரம் வளர்க்க அனுமதித்தது. அகழி வெட்டி, அம்மண்ணையே வரம்பாக உயர்த்தி, அதன்மேல் மரவேலி நாட்டினர். கன்றுகள் விலங்கின் வாய்க்கு எட்டாத உயரம் அடைந்ததும் வேலியை நீக்கி, வேறு நிலத்தை அடைக்கலாம். கேட்பதற்கு இது நியாயமாகவே தோன்றும். ஆனால் அடைத்த வேலி மானை மட்டுமா தடுத்தது? மாடும் குதிரையும் மேய்த்து, ஓக் விதை தின்னப் பன்றியை விட்டு, கரி நிலத்தில் எரிபொருள் வெட்டிப் பிழைத்தவர்களையும் அது தடுத்தது.

1851இல் மான் அகற்றற் சட்டம் வந்தது. ஈராண்டுக்குள் மான்களை அகற்ற முடியரசு உடன்பட்டது. அதற்கு ஈடாக மேலும் 10,000 ஏக்கரை அடைக்கும் உரிமையைப் பெற்றுக்கொண்டது. தான் எண்ணூறு ஆண்டுகளாக மக்கள்மேற் சுமத்திய பாரத்தை இறக்குவதற்கு அரசு கேட்ட கூலி இது. நல்ல மேய்ச்சல் நிலங்கள் வேலிக்குட் போயின. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு: 1860இல் வாரியர் என்னும் இரும்புக் கவசப் போர்க்கப்பல் நீரில் இறக்கப்பட்டது. அப்போது கடற்படைக்கென அண்மையில் நட்ட ஓக் கன்றுகள் கப்பல் கட்டும் அளவுக்கு வளர்ந்திருக்கமாட்டா.

மக்களின் எதிர்ப்பு ஓயவில்லை. 1871இல் பொதுச்சபை புதிய அடைப்புகளை நிறுத்தத் தீர்மானித்தது. 1877ஆம் ஆண்டுச் சட்டம், அதுவரை அடைபடாத நிலத்தை இனி அடைக்கலாகாதெனக் கட்டுப்படுத்தியது.

இதற்கிடையில், மான் குறைந்த அக்காலத்தில், வேலிக்கு வெளியே ஓக்கும் பீச்சும் ஹொலியும் தாமாக முளைத்து எழுந்தன. அவற்றை நட்டவர் எவருமில்லை. எஞ்சிய மான்களோ பின்னர் மீண்டும் பெருகின. இன்று காட்டுக் காவலர் ஆண்டுதோறும் அவற்றிற் சிலவற்றைச் சுட்டுத் தொகையைக் குறைத்து வருகின்றனர்.